அத்தைக்குப் பசலை வேண்டாம்: கறுப்பு வெள்ளைப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கும் போட்டியை நடத்தியவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கறுப்பு வெள்ளைப் புகைப்படப் போட்டிக்கு இந்த ஆண்டு நான்கு படங்கள் அனுப்பியிருந்தேன். மூன்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மழையில் ஒரு பேருந்து நிறுத்தம், படிக்கட்டில் ஒரு பூனை, மூன்றாவதை ஏன் அனுப்பினேன் என்று எனக்கே விளங்கவில்லை. அவற்றை நீங்கள் ஒதுக்கியது நியாயம். இந்த மடல் நான்காவது படத்துக்காக.

அதில் இருப்பவர் என் அத்தை. அப்பாவின் அக்கா, வயது 79. சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில், பழைய வீவக அடுக்குமாடி புளோக் ஒன்றின் மூன்றாம் மாடியில், வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சாமி படத்துக்கு மல்லிகை தொடுத்துக்கொண்டிருக்கிறார். பின்னால் திறந்த கதவு, அதற்குள் இருட்டு. மடியில் பூ. நேரம் காலை 7:40.

திரும்பி வந்த மதிப்பீட்டுத் தாளில் அந்தப் படத்துக்கு எதிரே ஒன்றரை வரி இருந்தது. முகபாவம் நன்று, ஆனால் முகம் மிகவும் இருண்டுள்ளது, வெளிச்சத்தைக் கூட்டவும். பரிசளிப்பு முடிந்து எல்லாரும் கறிபஃப் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் வந்து, முகத்தை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும்) தூக்கிவிட்டிருந்தால் நிச்சயம் ஏதாவது ஒரு பரிசு கிடைத்திருக்கும் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அடுத்த முறை முயன்று பாருங்கள் என்று சிரித்துக்கொண்டே போனார்.

பரிசு கிடைக்காத ஆதங்கத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். அதுவும் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன். ஆனால் சொல்ல வந்தது வேறு. அந்தப் படம் இருட்டாக இல்லை. என் அத்தை கறுப்பு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான், என்னைக் கேட்டால், கறுப்பு வெள்ளைப் போட்டிக்கு நடுவராக உட்காருவதற்கு முதல் தகுதி.

என் தொழில் எக்ஸ்ரே எடுப்பது. 1994இல் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் ஃபிலிம். இருட்டறை, சிவப்பு விளக்கு, இயந்திரத்தில் ஒரு பக்கம் செருகினால் மறுபக்கம் இளஞ்சூட்டோடு வந்து விழும் படம். இப்போது திரையிலேயே வந்துவிடுகிறது. எப்படியோ, முப்பது வருடத்துக்கு மேலாகச் சாம்பல் நிறத்தைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நுரையீரல் கறுப்பு, எலும்பு வெள்ளை, நோய் இருந்தால் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது மங்கலாக உட்கார்ந்திருக்கும். எந்த டாக்டரும் "படம் இருட்டா இருக்கு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனதில்லை. இதயத்துக்குப் பின்னால் தெரியவில்லை, விலா எலும்பின் ஓரம் எரிந்துவிட்டது என்று இடத்தைச் சுட்டிச் சொல்வார்கள். சிலர் திட்டியும் சொல்வார்கள். அதுவும் இடத்தைச் சுட்டித்தான்.

அந்தப் பழக்கத்தில் நானும் இடம் சுட்டியே சொல்கிறேன். நான் அனுப்பிய கோப்பில் 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. கதவுக்குள்ளே இருக்கும் இருட்டு 12, 15. அத்தையின் முகத்தில் நிழல் விழுந்த பக்கம் 45இலிருந்து 60. வெளிச்சம் படும் கன்னம் 85, 90. நெற்றி மேட்டில் ஒரு மினுக்கம், அது 140. மல்லிகை 225க்கு மேலே. மூக்குத்திக் கல் 250. முகத்தில் ஓர் இடம்கூடக் கறுப்பில் மூழ்கிப்போகவில்லை. கண்ணுக்குக் கீழே மடிப்புகளை எண்ணலாம். சின்ன வயதில் அடுப்பில் விழுந்து சுட்டுக்கொண்ட தழும்பு தாடையோரம் தெரியும். விவரம் எங்கே தொலைந்தது என்று உங்கள் தாளில் எழுதியிருந்தால் நானும் தேடியிருப்பேன். முகம் இருட்டு என்று மட்டும் எழுதியிருந்தீர்கள்.

இப்போது கொஞ்சம் தொழில்நுட்பம். உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் இந்த மடலைப் போட்டிக்குப் படம் அனுப்பும் பிள்ளைகளும் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

கேமராவின் ஒளிமானிக்கு மனிதரைத் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுச்சாம்பலாக ஆக்கத்தான் பார்க்கும். கரி மூட்டையைக் காட்டினாலும் சாம்பல், சலவை வேட்டியைக் காட்டினாலும் சாம்பல். தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையைப் பழைய ஆட்கள் பையில் வைத்துக்கொண்டு அலைந்தது இதனால்தான். அத்தையின் கன்னத்தை அளந்துவிட்டு மானி சொன்னபடியே எடுத்திருந்தால், அவர் காரிடார் தூணின் நிறத்தில் வந்திருப்பார். நான் ஒரு ஸ்டாப் குறைத்தேன். தவறிப்போய்க் குறையவில்லை, வளையத்தைத் திருகிக் குறைத்தேன்.

1940ஐ ஒட்டிப் புகைப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் சேர்ந்து உருவாக்கிய, கறுப்பிலிருந்து வெள்ளைவரை தொனிகளைப் படிகளாகப் பிரிக்கும் ஜோன் முறையை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். முழுக் கறுப்பு பூஜ்யம், நடுச்சாம்பல் ஐந்து, ஒரு ஜோனுக்கும் அடுத்த ஜோனுக்கும் இடையே ஒரு ஸ்டாப். வெயிலில் வெள்ளைக்காரர் தோல் ஆறாம் ஜோன் என்பது அதில் பாலபாடம். நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். நாளடைவில் என்ன நடந்ததென்றால், அந்த வாக்கியத்திலிருந்து "வெள்ளைக்காரர்" உதிர்ந்துவிட்டது. முகம் என்றால் ஆறு என்பது மட்டும் நின்றுவிட்டது. நான் அத்தையின் ஒளிபட்ட கன்னத்தை நான்கில் வைத்தேன், நிழல் பக்கத்தை மூன்றில். மூன்றிலும் தோலின் நயம் தெரியும், அதற்குக் கீழேதான் ஆபத்து. நான்குக்கும் ஆறுக்கும் இடையே எத்தனை ஸ்டாப்? இரண்டு. ஆறுதல் சொன்ன நடுவரின் "இரண்டு ஸ்டாப்" எங்கிருந்து வந்தது என்பது வீட்டுக்குப் போகும் எம்ஆர்டி ரயிலில், பிஷான் நிலையம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய கண் தப்பாகப் பார்க்கவில்லை. மிகச் சரியாக, யாரோ ஒரு வெள்ளைக்காரரின் முகத்தைத் தேடியிருக்கிறது. இரண்டு ஸ்டாப் என்பது நான்கு மடங்கு ஒளி. அவ்வளவு ஒளியைக் கொட்டினால் அங்கே உட்கார்ந்திருப்பவர் என் அத்தை இல்லை, அத்தையின் சேலையைக் கட்டிக்கொண்ட வேறு யாரோ.

அந்த இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிச்சம் போதாமல் எடுத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறீர்கள். பழைய புளோக்குகளின் பொதுக் காரிடாரைப் போல ஒரு ஸ்டூடியோ இந்தத் தீவில் கிடையாது. வாடகையும் கிடையாது. தலைக்கு மேலே கான்கிரீட் தளம் இருப்பதால் உச்சி வெளிச்சம் விழுந்து கண்குழியில் நிழல் கட்டாது. ஒரு பக்கம் முழுக்கத் திறந்திருக்கும், எதிர்ப் புளோக்கின் வெளிர் சுவர் பெரிய திரைபோல ஒளியைத் திருப்பித் தரும். நம் ஊரில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழுகிறது. ஏழேமுக்காலுக்குள் அந்த ஒளி பஞ்சுபோல இருக்கும், எட்டே கால் ஆனால் போய்விடும். கறுத்த தோலுக்கு வேண்டியது இந்த மாதிரி பெரிய, பக்கவாட்டு ஒளிதான். வெளிர் தோலில் மூக்கும் கன்னமும் எங்கே எழும்புகின்றன என்பதை நிழல் காட்டிக்கொடுக்கும். கறுத்த தோலில் அந்த வேலையை மினுக்கம் செய்யும். நெற்றியில், கன்ன எலும்பில், மேலுதட்டின் விளிம்பில் ஒளி வழுக்கிக்கொண்டு போகும் பாதைதான் முகம். அத்தை குளித்துவிட்டுத் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தார், நெற்றியில் வழிந்த மிச்சம் எனக்கு உதவியது. இந்த வெளிச்சத்துக்காக நான்கு ஞாயிற்றுக்கிழமை செங்காங்கிலிருந்து விடியற்காலையில் போயிருக்கிறேன். முதல் மூன்று ஞாயிறும் அத்தை பூத் தொடுக்கவில்லை. ஒருநாள் பூவே கிடைக்கவில்லை, ஒருநாள் முழங்கால் வலி, ஒருநாள் என்னைப் பார்த்ததும் தோசை வார்க்கப் போய்விட்டார்.

ஃபிலிம் இல்ஃபோர்ட் ஹெச்பி5, 400 வேகம். கழுவியது எங்கள் வீட்டு பாம் ஷெல்ட்டரில். 1990களின் கடைசியிலிருந்து கட்டிய வீவக வீடுகளில் இருக்கும் அந்த இரும்புக்கதவு அறையில் பெரும்பாலானவர்கள் பெட்டி, மின்விசிறி, கட்டி வைத்த பழைய செய்தித்தாள் எல்லாம் போட்டு வைத்திருப்பார்கள். சன்னல் இல்லாத கான்கிரீட் அறை, இருட்டறைக்கு அதைவிட என்ன வேண்டும். ஒரே தொல்லை சூடு. ஃபிலிம் கழுவும் டெவலப்பர் ரசாயனத்துக்கு 20 டிகிரி வேண்டும், நம் குழாய்த் தண்ணீர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. ஐஸ் கட்டியை ஜிப்லாக் பையில் போட்டுக் குப்பியைச் சுற்றி வைத்து, ஏழரை நிமிடம் குலுக்கி, நடுவில் என் கணவர் எங்கே அரிசி டப்பா என்று கதவைத் தட்டாமல் இருக்க வேண்டும்.

சரி, படம் சரியாகத்தான் இருந்தது என்றால் உங்களுக்கு ஏன் இருட்டாகத் தெரிந்தது? நடுவர் சுற்றைப் பார்க்கப் பார்வையாளர்களையும் அனுமதித்தீர்கள். அதற்கு உண்மையிலேயே நன்றி, எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மண்டபத்தில் பாதி விளக்குகள் எரிந்தன, மதிப்பெண் தாளில் எழுத வசதியாக. வெள்ளைத் திரையில் புரொஜெக்டர். ஒரு படம் நான்கைந்து விநாடி.

புரொஜெக்டரால் கறுப்பைப் போட முடியாது. அது ஒளியை மட்டும்தான் போடும். கறுப்பு வர வேண்டிய இடத்தில் அது சும்மா இருக்கும், அவ்வளவே. விளக்கு எரியும் அறையில் அந்தச் சும்மா இருக்கும் இடம் எப்படி இருக்கும்? படம் போடாதபோது திரை எப்படி வெளுத்துக் கிடக்கிறதோ அப்படி. அதற்குமேல் எழுந்து நிற்கும் தொனிகள்தான் கண்ணுக்குப் படும். அதனால் என் படத்தில் 15ஆக இருந்த கதவும் 50ஆக இருந்த கன்னமும் உங்கள் திரையில் ஒன்றாகிவிட்டன. நானே பின்வரிசையிலிருந்து பார்த்தேன், அத்தையின் முகத்தில் பாதி கதவுக்குள் போய்விட்டது. மல்லிகையும் மூக்குத்தியும் அந்தரத்தில் நின்றன. பக்கத்தில் இருந்த பெண் "ஐயோ" என்றாள். அந்தத் திரையை வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் நானும் இருட்டு என்றுதான் எழுதியிருப்பேன். ஆனால் இருண்டிருந்தது உங்கள் திரை. அதே திரையில் வெளிர் முகங்கள் எதுவும் குறைபடவில்லை, 150க்கும் 200க்கும் நடுவே அவை பத்திரமாக இருந்தன. மண்டபத்து விளக்கைப் போட்டவர் யாரையும் ஒதுக்க நினைத்துப் போட்டிருக்க மாட்டார். ஆனால் விளக்கு யாரை ஒதுக்கியது என்று பாருங்கள்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. எக்ஸ்ரே பார்க்கும் திரையில் ஒரு சோதனைப் படத்தைப் போடுவோம். அதில் முழுக் கறுப்புக் கட்டத்துக்குள் 5 சதவீத ஒளியில் ஒரு சிறு கட்டம் இருக்கும். முழு வெள்ளைக் கட்டத்துக்குள் 95 சதவீதத்தில் இன்னொன்று. இரண்டு சிறு கட்டங்களும் கண்ணுக்குத் தெரிந்தால் திரை நம்பத்தக்கது. தெரியாவிட்டால் விளக்கை மங்கலாக்கு, திரையைச் சரிசெய், அதுவரை அதில் யாருடைய நெஞ்சையும் பார்த்து முடிவு சொல்லாதே. இரண்டு நிமிட வேலை. அடுத்த ஆண்டு நடுவர் சுற்று தொடங்குமுன் இந்த ஒரு படத்தைத் திரையில் போட்டுப் பாருங்கள் என்று கேட்கிறேன். கறுப்புக்குள் இருக்கும் அந்தச் சிறு கட்டம் தெரியும்வரை மண்டப விளக்குகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். மதிப்பெண் எழுத நடுவர்களுக்கு மேசையில் ஒரு சின்ன விளக்கு போதும், தேவைப்பட்டால் நான் நாலு வாங்கித் தருகிறேன்.

இதைவிட நல்லது, இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களையாவது பிரிண்ட்டாக வாங்கிப் பார்ப்பது. செலவு, இடம், அனுப்பும் சிரமம் எல்லாம் தெரியும். எனவே வற்புறுத்தவில்லை. ஆனால் நல்ல பளபளப்புத் தாளில் போட்ட பிரிண்ட்டைச் சன்னலோரம் கையில் பிடித்துப் பார்த்தவருக்கு, கறுப்புக்குள் எத்தனை கறுப்பு இருக்கிறது என்று தெரியும்.

விளக்கை அணைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஏனென்றால் பரிசு பெற்ற படங்களில் மூன்றில் நம்மவர் முகம் இருந்தது, அவை மூன்றும் என் அத்தையைவிட இருண்டவை. தைப்பூசத்தில் அலகு குத்திய கன்னம் ஒன்று. கட்டுமானத் தளத்தில் வேர்வை வழியும் ஊழியர் ஒருவர். தேக்காவில் தாடி வைத்த பெரியவர், முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் உளியால் செதுக்கியதுபோல் மென்பொருளில் முறுக்கப்பட்டது. மூன்றிலும் திறமை இருந்தது, மறுக்கவில்லை. அலகுப் படத்தை எடுத்தவர் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை கூடவே நடந்திருப்பார் போல, அந்த நெருக்கம் படத்தில் தெரிந்தது. ஆனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. கறுத்த முகம் வலியில், வேர்வையில், வறுமையில் இருந்தால் அதன் கறுப்பை உணர்ச்சி என்கிறோம். அதே முகம் காலையில் குளித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து பூத் தொடுத்தால் வெளிச்சத்தைக் கூட்டவும் என்கிறோம்.

இது இன்று நேற்றுப் பழக்கமும் இல்லை. இங்கே 1867இல் ஸ்டூடியோ திறந்த ஜி. ஆர். லாம்பர்ட் காலத்திலேயே நம் ஆட்களை நிற்கவைத்து எடுத்து, வந்து போகும் வெளிநாட்டவருக்கு விற்றிருக்கிறார்கள். படத்தின் கீழே நின்றவரின் பெயர் இருக்காது, இனத்தின் பெயர் இருக்கும். அந்தப் படங்களை அருங்காட்சியகத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் வரும்: இந்த அம்மா பெயர் என்னவாக இருந்திருக்கும்?

இதையெல்லாம் உங்கள் தலையில் மட்டும் கட்டினால் அது நேர்மையாகாது. நம் வீட்டிலும் இந்தக் குற்றம் உண்டு. என் அம்மாவின் கல்யாணப் படத்தில் அவர் எலுமிச்சை நிறத்தில் இருக்கிறார். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் நெகட்டிவின்மேல் கூரான பென்சிலால் பொறுமையாகத் தீட்டுவார். நெகட்டிவில் கரி ஏறிய இடம் பிரிண்ட்டில் வெளுக்கும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் படம் என்றால் பென்சில் கொஞ்சம் கூடுதலாகவே தேயும். ஃபில்டர் வைத்தவர்களும் உண்டு, லென்சுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டரைப் போட்டால் நம் தோல் ஒரு படி வெளுத்து வரும். இப்போது அதெல்லாம் தேவையில்லை. கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது ஆரஞ்சு ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளினால் முடிந்தது, யார் தோலாக இருந்தாலும் அதன் நிறம் பெரும்பாலும் அந்த ஆரஞ்சில்தான் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்பு என் சித்தி மகள் கல்யாணத்துக்கு நானே ஆல்பம் செய்து கொடுத்தேன். அத்தனை படத்திலும் அந்த ஸ்லைடரைத் தள்ளினேன். யாரும் கேட்கவில்லை. கை தானாகப் போனது. எல்லாரும் பாராட்டினார்கள்.

கருவி செய்தவர்களே தங்கள் தவற்றைத் திருத்த ஆரம்பித்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கலர் பிரிண்ட் போடும் கூடங்களுக்குக் கோடாக் அனுப்பிய சோதனை அட்டையில் பல ஆண்டுகள் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். ஷெர்லியின் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று அர்த்தம். இன்று கைத்தொலைபேசி நிறுவனங்களே கறுத்த தோல் சரியாக விழ வேண்டும் என்று உழைக்கின்றன, கூகுள் 2021இல் பிக்சல் 6 வெளியிட்டபோது அதையே ஒரு சிறப்பாகச் சொல்லி விற்றது. நாம் போட்டி மண்டபத்தில் இன்னும் ஷெர்லியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தமிழ் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். சங்கப் பாடல்களில் பெண்ணின் அழகான நிறத்துக்கு மாமை என்று பெயர். மாந்தளிரின் நிறம். தலைவன் பிரிந்து போனால் அந்த மாமை போய், உடம்பில் பசலை படரும். பசலை என்றால் வெளுப்பு. நம் பாட்டிமார் காலத்துக்கு வெகு முன்னால், வெளுத்துப்போவதுதான் நோயாக இருந்திருக்கிறது. தோழி பதறுவாள், தாய் கவலைப்படுவாள். முகத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டவும் என்று நீங்கள் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது இதைத்தான். அத்தைக்குப் பசலை பூசச் சொல்கிறீர்கள்.

அத்தையிடம் படத்தைக் காட்டினீர்களா என்று கேட்பீர்கள். காட்டினேன். முதலில் கைத்தொலைபேசியில். பார்த்த உடனே, "ஏன்டி, இம்புட்டுக் கறுப்பாவா எடுப்ப?" என்றார். ஆமாம், அவரும் உங்கள் கட்சிதான். 79 வருடமாக அவரிடம் எல்லாரும் அதைத்தானே சொல்லியிருக்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னதை என் அப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார், இங்கே எழுத மனமில்லை. அப்புறம் ஷெல்ட்டரில் 12க்கு 16 அங்குலத் தாளில் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். காரிடாரில், அதே நாற்காலியில், அதே வெளிச்சத்தில் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுகூட வந்திருக்கே" என்றார். பிறகு மூக்குத்தி நல்லா விழுந்திருக்கு என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கறுப்பு என்றும் மறுபடி சொல்லவில்லை. இப்போது அந்தப் படம் ஹாலில், டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது. என் மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டாதே, நான் இன்னும் போகவில்லை என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. விளக்கு, அந்தச் சோதனைப் படம், இரண்டும் சொல்லிவிட்டேன். முகம் இருட்டு என்று எழுதுமுன் எந்த இடத்தில் விவரம் இல்லை என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வார்த்தையை எழுதத் தேடும்போதே பாதிப் படங்களுக்கு உங்கள் எண்ணம் மாறிவிடும் என்று நினைக்கிறேன். பயிற்சிப் பட்டறைகளில் முகத்தை ஆறாம் ஜோனில் வை என்று சொல்லிக்கொடுக்கும்போது, யாருடைய முகத்தை என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். கறுப்பு வெள்ளைப் பிரிவுக்கு விதி எழுதும்போது, படம் மிகக் கருஞ்சாம்பலிலிருந்து மிக வெளிர்சாம்பல் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றுதான் உலகப் புகைப்பட அமைப்புகளும் சொல்கின்றன. அதில் கருஞ்சாம்பல் பக்கத்திலும் மனிதர்கள் வசிக்கிறார்கள்.

தகுதியில்லாத படத்துக்குப் பரிசு வேண்டாம். நல்ல வெளிச்சத்தில், நல்ல திரையில், அல்லது கையில் பிடித்துப் பார்த்துவிட்டு இந்தப் படம் சுமார்தான் என்று நீங்கள் சொன்னால், வாயை மூடிக்கொண்டு போய் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி படமெடுப்பேன். பூத் தொடுக்கும் கைவிரல்கள் சட்டத்தின் கீழ்விளிம்பில் கொஞ்சம் நெருக்கமாக வெட்டுப்பட்டிருப்பது எனக்கே உறுத்துகிறது. அதை உங்களில் யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டும் இதே படத்தை அனுப்ப உங்கள் விதிகள் இடம் தரவில்லை. எனவே பிரிண்ட்டைப் பார்க்க விரும்பும் நடுவர் யாராவது இருந்தால், தோ பாயோவுக்கு ஒரு ஞாயிறு காலை வரலாம், வருகிற நாளை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அத்தை ஏழு மணிக்கெல்லாம் வாசலுக்கு வந்துவிடுவார். கோப்பி உண்டு. எட்டே காலுக்குள் வந்துவிடுங்கள், அப்புறம் வெளிச்சம் இருக்காது.

இப்படிக்கு,
பேருந்து நிறுத்தத்தையும் பூனையையும் அனுப்பிய அதே போட்டியாளர்